வண்டி ஓடினால் டாக்டர் போய்விடுவார்

டாக்டரை நினைத்தாலே எனக்கு முதலில் இரண்டு கால்கள்தான் ஞாபகத்துக்கு வரும். பலா மரத்தடியில் நின்ற பழைய கறுப்புக் காருக்கு அடியிலிருந்து முழங்கால் வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள். பேன்ட் நுனியில் கிரீஸ் கறை, குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு. அந்தக் கால்களுக்கு எதிரே ஜனங்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தங்கள் நோவைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வயிற்றுவலி, இருமல், விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சல், மாமியார் மீது உள்ள குறை எல்லாவற்றையும் கால்கள் கேட்டுக்கொள்ளும். "நாக்க நீட்டச் சொல்லுங்க சிஸ்டர்" என்று அடியிலிருந்து குரல் வரும். நான் நாக்கைப் பார்த்துவிட்டு, வெள்ளையாக இருக்கிறது டாக்டர் என்பேன். பெரிய நோவு என்று தோன்றினால் மட்டும் கால்கள் மெல்ல நகர்ந்து முழு ஆளாக வெளியே வரும். அவர் வெளியே வந்துவிட்டால் வந்தவருக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். நமக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார்.

நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலம் ஆயிற்று. போளூரில் மகள் வீட்டில், மாடிப்படி ஏற முடியாததால் கீழ் அறையில் கிடக்கிறேன். போன மாதம் எதிரில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு, மாப்பிள்ளை அழைப்புக்காக அதே போன்ற ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடி போலத் துடைத்து, ரோஜா மாலை சுற்றி, அதன் மேல் சாய்ந்து ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு செலவு செய்தாலும் இப்படி ஒன்று கிடைக்காது என்று மருமகன் சொன்னார். எனக்கு அந்தக் காருக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. முட்டி மடங்கவில்லை. அன்றிலிருந்து இதை எழுதிவிட வேண்டும் என்று ஒரு நச்சரிப்பு.

எழுபதுகளின் நடுவில் என்னை ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள். ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்த ஓர் ஊர். பெயரைச் சொல்லி இனிமேல் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஓடு வேய்ந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதை ஒட்டி இரண்டு குடியிருப்புகள். ஒன்று டாக்டருக்கு, இன்னொன்று எனக்கு. காலையில் ஆலங்காயத்திலிருந்து ஒரு பஸ் வரும், வந்த சூட்டோடு திரும்பிவிடும். அதை விட்டால் மறுநாள்தான். அரசாங்க ஜீப் ஒன்று பேருக்கு இருந்தது. கூட்டம், முகாம் என்று அது பெரும்பாலும் கீழேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் நடைதான். சாமை வயலின் வரப்பில் நடந்து, ஓடை இறங்கி, மேடு ஏறி ஒரு குக்கிராமத்துக்குப் போய்ப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பினால் வாசலில் இன்னொரு ஊர்க்காரர்கள் காத்திருப்பார்கள். அந்த வருடங்களில் நான் நன்றாகத் தூங்கியதாக நினைவே இல்லை. எனக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை, ஆனால் கண்ணாடியில் பார்த்தால் என் அம்மா தெரிவாள்.

எனக்குச் சில மாதங்கள் முன்னால் டாக்டர் அங்கே வந்திருந்தார். அவரோடு மனைவியும் சின்னப் பெண் குழந்தையும் வந்தார்கள். வந்தது அந்தக் கறுப்புக் காரில். டாக்டரின் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த கார் அது. அவருக்கு அது யாரோ வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடமிருந்து கைமாறி வந்ததாம். முன் மூக்கில் பதித்திருந்த பித்தளை எழுத்துகளில் பாதி உதிர்ந்து போனதால் என்ன கம்பெனி வண்டி என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மலை ஏறும்போதே ரேடியேட்டர் கொதித்துக் கொதித்து நின்று, கடைசி மேட்டில் ஊர் ஆட்கள் தள்ளி வந்துதான் பலா மரத்தடியில் சேர்த்தார்களாம். அன்றைக்குக் கூடி நின்ற ஜனங்களிடம் டாக்டர் சிரித்துக்கொண்டே, "வண்டி ரெடியானதும் நான் எறங்கிடுவேன், மறுபடி தள்ளச் சொல்வேன்னு பயப்படாதீங்க" என்று சொன்னாராம். பயப்படாதீங்க என்பதை அவர்கள் காதில் வாங்கவில்லை. வண்டி ரெடியானால் டாக்டர் இறங்கிவிடுவார் என்பது மட்டும் மலை முழுக்கப் பரவிவிட்டது.

அவருக்கு முன்னால் வந்த டாக்டர்கள் யாரும் அங்கே நிலைத்ததில்லை. ஒருவர் பெட்டியைப் பிரிக்காமலே போனவர். அதனால் இவர் தங்கியது ஜனங்களுக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த காரணம் கார். வண்டி படுத்துவிட்டது, அதனால் இருக்கிறார். அவர்கள் அப்படிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். பஸ் இருக்கிறதே, போக நினைப்பவர் போகமாட்டாரா என்று கேட்டால், "அவரு பஸ்ல வந்தவரு இல்லியே நர்சம்மா" என்பார்கள். எதில் வந்தாரோ அதில்தான் போக வேண்டும் என்று அவர்கள் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால் டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் நினைத்தார். குழந்தைக்குப் பள்ளிக்கூட வயது வந்ததும் மனைவி அதைக் கூட்டிக்கொண்டு வேலூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை என்று ஒன்றும் இல்லை. நல்ல மனுஷி. போகும் முன் என்னிடம் வந்து, அவருக்கு ரசம் வைக்கத் தெரியாது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கணவரிடம், இந்தக் காரைக் காயலான் கடையில் போட்டுவிட்டு மாற்றலுக்கு எழுதிக் கொடுங்கள், பஸ்ஸில் ஏறி வந்து சேருங்கள் என்று சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். எழுதியும் கொடுத்தார். ஆனால் காரைப் போட மனம் வரவில்லை. பல வருடம் அது அங்கேயே நின்றது. கூரை மேல் பலாப்பழம் விழுந்து பள்ளமாயிற்று, அந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று குருவிகள் குடித்தன. பின் சீட்டில் ஆஸ்பத்திரிக் கோழிகள் முட்டையிட்டன. சக்கரங்கள் காற்றிழந்து மண்ணில் அமிழ்ந்து, அந்தக் கார் அங்கேயே முளைத்தது போல ஆகிவிட்டது.

எண்பது வாக்கில்தான் அவருக்கு வேகம் வந்தது. மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வேலூர் போய் வருவார். ஒருமுறை போய்விட்டு வந்து, ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன டாக்டர் என்றேன். "பாப்பா என்னைப் பார்த்து, நீங்க எப்போ ஊருக்குக் கிளம்புறீங்கன்னு கேக்குது சிஸ்டர். விருந்தாளியைக் கேக்குற மாதிரி" என்றார். அந்த மாதமே மாற்றல் உத்தரவும் வந்தது. வேலூருக்குப் பக்கத்திலேயே இடம். குறிப்பிட்ட தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அவர் இடத்துக்கு இங்கே யாரையும் போடவில்லை. அதாவது அவர் இறங்கினால் மலையில் நானும் ஸ்டெதாஸ்கோப்பும்தான். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, போங்கள் என்று சொல்ல மனமும் இல்லை. பஸ்ஸில் போயிருந்தால் மறுநாளே போயிருக்கலாம். அவரோ, இந்தக் காரில் வந்தேன், இதை இங்கே மக்கவிட்டுப் போக மாட்டேன், ஓட வைத்து அதில்தான் போவேன் என்று சட்டையைக் கழற்றிவிட்டு அதன் அடியில் நுழைந்தார்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு மெக்கானிக் பாயை வரவழைத்தார். தோல் மண்டிக்காரர்களின் கார்களை எல்லாம் பார்ப்பவர், கை ராசிக்காரர் என்று பெயர். ஜமுனாமரத்தூர் சந்தை நாளில் பஸ் ஏறி வருவார், மறுநாள் பஸ்ஸில் போவார். முதல் தடவை பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதை அப்படியே மெதுவாக மூடினார். "டாக்டர் சாப், இது வண்டி இல்லீங்க, மய்யத்து. குளிப்பாட்டி அனுப்பிடலாம்" என்றார். டாக்டர், "நான் அப்படிச் சொல்லி எல்லாரையும் அனுப்பியிருந்தா இந்த மலையில ஆளே இருக்காது பாய்" என்றார். பாய்க்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டு வேலையில் இறங்கினார்.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டைகளில் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் முன்னால் ஹேண்டிலைப் போட்டு இரண்டு பேரும் தொங்கியபோது அது ஒரு முனகலோடு கொஞ்சம் அசைந்தது. டாக்டர் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை, சுகப் பிரசவத்தின்போதுகூட நான் பார்த்ததில்லை. பெட்ரோல் டேங்கைக் கழற்றி உள்ளே கூழாங்கல் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தார்கள். எலி கடித்த ஒயர்களை எல்லாம் பிடுங்கிப் புதிதாக இழுத்தார்கள். ஏர் ஃபில்டருக்குள் எலிக்குஞ்சுகள் கண் திறக்காமல் கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று அந்தப் பெரிய மனிதர்கள் இருவரும் வெகு நேரம் யோசித்து, கடைசியில் என் பஞ்சு டப்பாவில் வைத்து விறகுக் கொட்டகையில் விட்டார்கள். ரேடியேட்டர் கசிவுக்கு மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினார்கள். டயர்கள் பஸ் கூரையில் வந்தன. கைகளெல்லாம் கறுப்பாக அவர் உள்ளே வந்து, நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் நோயாளியைத் தொடுவார். அப்புறமும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும்.

அந்த வேலை ஒரு கட்டத்துக்கு மேல் நகரவில்லை. இன்று மாட்டிய சாமான் நாளைக் காலையில் இருக்காது. கதவுக் கைப்பிடி போயிற்று, வைப்பர் போயிற்று, சீட்டுக்குப் பின்னால் இருந்த சாம்பல் கிண்ணம், முன் விளக்கைச் சுற்றியிருந்த வளையம், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் ரோட்டர் போயிற்று. எஞ்சினுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் மூடிக்குள் சுற்றும் ஒரு சின்னத் துண்டு அது. கட்டைவிரல் அளவுதான். அது இல்லாமல் வண்டி இருமக்கூடச் செய்யாது. எலி தூக்கிப்போயிருக்கும் என்றார் டாக்டர். "எலி மூடியைத் திறந்து, ரோட்டரை எடுத்து, மறுபடி கிளிப்பு மாட்டிட்டுப் போகுமா சாப்?" என்றார் பாய்.

விஷயம் எனக்கு ஒரு குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் தெரிந்தது. பிரசவமாகிச் சில நாளே ஆன வீடு. குழந்தையின் தூளிக்கு மேலே, கண் படாமல் இருக்கவோ என்னவோ, விளக்கு வளையம் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. இது ஏது என்று கேட்டேன். அந்தப் பெண் மறைக்கவே இல்லை. "டாக்டரு போய்டக் கூடாதுன்னு எட்தாந்தது நர்சம்மா. எல்லா வூட்லயும் ஒண்ணு கீது" என்றாள். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர்தான் ஊரைக் கூட்டி அப்படி முடிவு செய்திருக்கிறார். மாரியம்மன் பண்டிகைக்கு வீட்டுக்கு ஒரு படி சாமை என்று வரி போடுவார்களே, அதே போல இதற்கும் வரி. வீட்டுக்கு ஒரு சாமான் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், யாரும் தப்பக் கூடாது, ஒருவர் மேல் மட்டும் பழி விழக் கூடாது. எது முக்கியமான சாமான் என்று யாருக்கும் தெரியாததால் கையில் வந்ததை எடுத்திருக்கிறார்கள். மேட்டு வீட்டுக்காரர் தாமதமாகப் போனதால் அவருக்குக் கிடைத்தது தரையில் போட்டிருந்த பழைய சாக்கு மட்டும். அதையும் மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் சொன்னேன். அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அதெல்லாம் இல்லாமலே வண்டி ஓடும் சிஸ்டர். ரோட்டரை மட்டும் கேட்டுப் பாருங்க" என்றார். ஊர்க்கவுண்டரிடம் கேட்டேன். நெடுநெடுவென்று உயரமான மனிதர், எதைக் கேட்டாலும் முதலில் வானத்தைப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். "தெர்லியே" என்றார். பாய் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினார். அதுவும் போயிற்று. அடுத்ததைக் கொடுக்கும்போது, ராத்திரியில் இதைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள் டாக்டர் சாப், இதற்குமேல் என்னால் முடியாது என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்த வாரம் வண்டி ஒரு முறை ஓடியது. மரத்தடியிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை, புகை கக்கிக்கொண்டு. ஜனங்கள் வாய் பேசாமல் நின்று பார்த்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி. மறுநாள் காலையில் ரோட்டர் இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உத்தரவில் போட்ட தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பையில் வைத்துக்கொள்ளச் சொன்னாரே, ஏன் வண்டியிலேயே விட்டீர்கள் என்று கேட்டேன். "மறந்துட்டேன்" என்றார். ஆறு மாதம் முன்னால் வந்த பேதிக்காரனின் பெயரையும் அவன் பெண்டாட்டி பெயரையும் மறக்காதவர் அவர். இந்த மனிதர் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிறார், தான் முடிவு செய்ய வேண்டியதைக் காரிடம் தள்ளிவிட்டிருக்கிறார் என்று அன்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் அலுப்பாக இருந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரு ஓட்டை வண்டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். பஸ் மட்டும் தினமும் காலையில் வந்து, காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

பலா பழுக்கிற காலம் அது. கரடி இறங்குகிற காலமும் அதுதான். ஒரு நாள் உச்சிப் பொழுதுக்கு முன்னால் ஊர்க்கவுண்டரின் தம்பியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மூங்கிலில் கட்டிய போர்வையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே வந்தது. தோப்பில் பழம் இறக்கப் போனவரைக் கரடி பிடித்துவிட்டது. தலைத்தோல் உரிந்து, ஒரு பக்க முகம் எது எங்கே என்று தெரியாமல் இருந்தது. நான் நிறையப் பார்த்தவள், எனக்கே கண் இருட்டிற்று. டாக்டர் வண்டி அடியில் இல்லை, ஆஸ்பத்திரிக்கு உள்ளேதான் இருந்தார். ரத்தத்தைக் கட்டுப்படுத்தி, தைக்க முடிந்ததைத் தைத்து, ட்ரிப் ஏற்றினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, இவரைத் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பார், இங்கே என்னால் ஆவது இவ்வளவுதான் என்றார்.

பஸ் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. ஜீப் கீழே. டோலியில் மலை இறங்கினால் வழியிலேயே முடிந்துவிடும். எல்லோர் கண்ணும் காரின் பக்கம் திரும்பிற்று. டாக்டர் யாரையும் பார்க்காமல், "ரோட்டர் வேணும்" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. ஊர்க்கவுண்டர் வானத்தைப் பார்க்கவில்லை. மேல்துண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவர் ஓடியதும் மற்றவர்களும் ஓடினார்கள். எது வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை, எதுவோ ஒன்று குறைகிறது என்பது மட்டும் புரிந்தது. அதனால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். கேழ்வரகுக் குதிருக்குள்ளிருந்து, கூரைச் செருகலிலிருந்து, மடியிலிருந்து. கைப்பிடி, வைப்பர், சாம்பல் கிண்ணம், கண்ணாடி, வளையம் எல்லாம் ஆஸ்பத்திரிப் படியில் குவிந்தன. தூளிக்காரப் பெண் பச்சை உடம்போடு வந்து நின்றாள். மேட்டு வீட்டுக்காரர் சாக்கை விரித்து நீட்டினார். ஊர்க்கவுண்டர் மூச்சிரைக்க வந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொடுத்தார். வீட்டுச் சாமிப் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறார். காணாமல் போன ரோட்டர்கள் எல்லாம் அதில் இருந்தன, குங்குமம் வைத்து.

டாக்டர் ஒன்றை மட்டும் எடுத்துக் குங்குமத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு மாட்டினார். ஹேண்டிலைச் சுற்றினார். வண்டி உறுமியது, அணைந்தது. மறுபடி சுற்றினார். அடுத்த முறை பிடித்துக்கொண்டது. தம்பியைப் பின் சீட்டில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்து, ட்ரிப் பாட்டிலை ஊர்க்கவுண்டரின் மகன் கையில் கொடுத்தோம். ஊரை விட்டு வெளியே போக ஒரு மேடு உண்டு. அதில் வண்டி திணறி நின்றது. டாக்டர் தலையை வெளியே நீட்டி, தள்ளுங்க என்றார். தள்ளினார்கள். ஊர்க்கவுண்டர், அவர் மனைவி, தூளிக்காரப் பெண்ணின் புருஷன், ஆஸ்பத்திரிக்கு மருந்துக்கு வந்தவர்கள், எல்லோரும். பின்பக்கக் கண்ணாடி வழியாக அவர்கள் முகங்களை நான் ஒரு முழங்கை தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஏறிவிட்டால் டாக்டர் போய்விடுவார் என்று அந்த முகங்கள் ஒவ்வொன்றுக்கும் தெரியும். தெரிந்தேதான் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்கள். மேட்டு உச்சியில் வண்டி அவர்கள் கையை விட்டுச் சரிவில் உருண்டபோது, அவர்கள் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தன. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மடியில் ஒரு உயிர் கிடக்கிறதே என்று அடக்கிக்கொண்டேன்.

பிரேக் அரைகுறை. வளைவுக்கு வளைவு முதல் கியரிலேயே இறக்கினார். ஆலங்காயத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பொழுது சாயும் முன் திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு கண் போயிற்று. ஆள் பிழைத்துக்கொண்டார். பிறகு நான் மலையில் இருந்த வரை, கோணிய வாயால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேலி பேசிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரும் நானும் டீ குடித்தோம். சட்டையெல்லாம் ரத்தமும் கிரீஸும். ரொம்ப நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் சூடாக, டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "இப்போ மறுபடி மேல ஏத்துனா, இது திரும்ப இறங்காது சிஸ்டர். நானும்தான்" என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுங்கள் என்றார். அவர் கண்ணைப் பார்க்காமல் சரி என்றேன். நான் அவரைக் குறை சொல்லவில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவருக்கு ஒரு மகள் இருந்தாள்.

ஊர்க்கவுண்டரின் மகனைச் சித்தப்பாவுக்குத் துணையாக விட்டுவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் நான் மட்டும் போய் இறங்கினேன். பஸ் நிற்கும் இடத்தில் பாதி ஊர் நின்றது. ஊர்க்கவுண்டர் முதலில் தம்பியைக் கேட்டார். பிழைத்துக்கொள்வார் என்றேன். அப்புறம் எனக்குப் பின்னால் பஸ் படியைப் பார்த்தார். வேறு யாரும் இறங்கவில்லை. "வண்டி நல்லா ஓடிச்சா?" என்றார். நல்லா ஓடிச்சு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். சாயங்காலம் ஒரு மூங்கில் கூடையைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தார். படியில் குவிந்து கிடந்த சாமான்களெல்லாம் அதில் இருந்தன, துடைத்து, சாக்கில் சுற்றி. "பெட்டியோட இத்தயும் அனுப்பிடுங்க. மழ வந்தா துடைக்கிறது இல்லாம இன்னா பண்ணுவாரு" என்றார்.

அதன் பிறகு நெடு நாள் நான் தனியாகத்தான் இருந்தேன். என்னால் முடிந்தது பிழைத்தது, முடியாதது போயிற்று. அந்தக் கணக்கைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. கடைசியாக ஒரு இளம் டாக்டர் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவரிடம் ஜனங்கள் முதலில் கேட்ட கேள்வி, உங்களுக்கு வண்டி இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றார். எல்லோர் முகத்திலும் நிம்மதி. ஊரைக் கூட்டவில்லை, வரி போடவில்லை. வண்டி இல்லாதவர் எப்படிப் போவார். அவர் பலா பிஞ்சு விடுவதற்குள் வந்த பஸ்ஸிலேயே போய்விட்டார்.

இப்போது அங்கே தார் ரோடு போட்டு, பெரிய கட்டடம் கட்டி, கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது என்று சொல்கிறார்கள். நல்லது. வலிக்கிற முட்டியைத் தேய்த்துக்கொண்டு அதைக் கேட்கும்போது, எங்கள் காலத்தில் அதில் பாதி இருந்திருக்கக் கூடாதா என்று பொறாமையாகத்தான் இருக்கிறது.

அந்த இளம் டாக்டர் போன சமயத்தில் நான் ஒரு வேலையாக வேலூர் போயிருந்தேன். எங்கள் டாக்டரின் வீட்டுக்கும் போனேன். பெண் வளர்ந்து தாவணி போட்டிருந்தது, அப்பா என்று கூப்பிட்டு அவர் தோளில் சாய்ந்துகொண்டது. கார் கொட்டகையில் நின்றது. வந்த வாரமே மறுபடி படுத்துவிட்டதாம், அவர் அப்புறம் தொடவே இல்லை. கைகள் சுத்தமாக இருந்தன. மலையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். ஊருக்குத் திரும்பியதும் ஊர்க்கவுண்டர் வந்து டாக்டரைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். வண்டி எப்படி இருக்கிறது என்றார். அது வேலூர் வீட்டில் நின்று போய்க் கிடக்கிறது என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அங்க நின்னு பூட்ச்சா. அப்போ அங்கயே தங்கிடுவாரே நர்சம்மா" என்றார். கொஞ்ச நேரம் மேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"நாங்க போய் தள்ளிக்கினு வந்துட்டா இன்னா? தரையில கஷ்டமில்ல. மலை ஏர்றதுதான். அதுக்கு நாங்க இத்தன பேரு கீறோமே."